தொண்டையில் மஞ்சள்

ஜட்ஜ் என்று எல்லாரும் கூப்பிட்டாலும் அவர் எந்தக் கோர்ட்டுப் படியையும் மிதித்தவரல்லர். முப்பத்தோரு வருஷம் சாய ஆலையில் ஷேடு பார்த்தவர். துணியை ஜன்னலோரம் பிடிப்பார், மாதிரித் துண்டை அதன்மேல் வைப்பார், உதட்டைப் பிதுக்குவார். "அரைச் சொட்டு நீலம் தூக்கலாயிருக்கு" என்பார். உடனே நானூறு மீட்டர் துணி திரும்பவும் தொட்டிக்குப் போகும். அப்படிப்பட்ட கண்ணை ஓய்வு பெற்ற மறுநாள் சும்மா வைத்திருக்க முடியுமா? முதலில் வீட்டுச் சுவரில் குறை கண்டார். பிறகு மனைவி வாங்கிவந்த தக்காளியில். அதற்குப் பிறகுதான் பாம்புகள் வந்தன. மனைவி அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விட்டாள் என்று சொல்லலாம்.

கார்ன் பாம்பு என்பது விஷமில்லாத, கோபமில்லாத, மொத்தத்தில் சுறுசுறுப்பே இல்லாத ஒரு பிராணி. கையில் எடுத்தால் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். இயல்பில் செம்மஞ்சள் உடம்பில் சிவப்புத் திட்டுக்கள். மனிதன் அதை அப்படியே விட்டுவைப்பானா? இதோடு அதைச் சேர்த்து, அதோடு இன்னொன்றைச் சேர்த்து, வெள்ளையிலும் சாம்பலிலும் ஊதாவிலும் வகை வகையாகக் கொண்டுவந்து, ஐஸ்கிரீம் கடைப் பலகை மாதிரி பெயரும் வைத்துவிட்டான். எது எந்த வகை என்று பிரித்துச் சொல்லத் தனிக் கண் வேண்டும். அந்தக் கண் ஜட்ஜிடம் இருந்தது. வளர்ப்போர் சங்கத்தில் மொத்தம் இருபத்தாறு பேர். அவர்கள் அவருக்கு 'வண்ண மாமணி' என்று பட்டம் கொடுத்து, கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியும் கொடுத்தார்கள். பட்டத்தின் வாசகத்தை எழுதித் தந்தவரும் அவரேதான்.

பாம்பறை வீட்டின் பின்பக்கம் இருந்தது. அலமாரியில் அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள், அடியில் மரச்சீவல், ஒரு மூலையில் தண்ணீர்க் கிண்ணம், பின்னால் சூட்டுப் பட்டை. இருபத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் 'டிக்' என்று அணைந்து, குறைந்தால் 'டிக்' என்று எரியும். இத்தனையையும் பார்த்துக்கொண்டவர் ஜட்ஜின் தம்பி. கல்யாணம் ஆகவில்லை, நாற்பத்தாறு வயது, பாம்பறையை ஒட்டிய அறையில் கட்டில். பதினொரு வருஷமாகச் சீவல் மாற்றி, உறைந்த எலியை வெந்நீரில் இளக்கிக் கொடுத்து, தோல் உரியாத பாம்பை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, இப்படியே காலம் ஓடிவிட்டது. வேலை தம்பியுடையது, கண் அண்ணனுடையது. எந்தப் பாம்பு எந்த வகை என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடுவது கண்தானே.

சாம்பல் நிறப் பாம்பில் இரண்டு வகை உண்டு. ஒன்று அனெரி, மற்றது சார்கோல். குட்டியாக இருக்கும்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பெற்ற தாய்க்கே தெரியாது. வளர வளர அனெரியின் தொண்டையிலும் கழுத்தோரத்திலும் இளம் மஞ்சள் படியும். சார்கோலுக்குப் படியாது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் விளைவு சின்னதில்லை. அனெரியை அனெரியோடு சேர்த்தால் குட்டிகள் அத்தனையும் சாம்பல். அனெரியைச் சார்கோலோடு சேர்த்துவிட்டால், இதன் குறையை அது மூடி, அதன் குறையை இது மூடி, குட்டிகள் அத்தனையும் பழையபடி சிவப்பாகவே பிறக்கும். இதை இருபத்தாறு பேருக்கும் பாடம் எடுத்ததே ஜட்ஜ்தான்.

குட்டியிலிருந்து வளர்த்த ஒரு சாம்பல் பெண் பாம்பு அவர்களிடம் இருந்தது. தீனி வைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இரண்டு நாள் கோபித்துக்கொள்ளும் என்பதால் தம்பி அதற்கு 'அத்தை' என்று பெயர் வைத்திருந்தார். அத்தைக்கு இரண்டு வயது முடிந்த அன்று ஜட்ஜ் அதை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"மஞ்சள் விழுந்துடுச்சு. அனெரி."

தம்பி எட்டிப் பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். "எனக்குத் தெரியலையேண்ணே. சுண்ணாம்பு மாதிரில்ல இருக்கு?"

"உனக்கு எதுதான் தெரிஞ்சிருக்கு? பத்தாவதுல கணக்குத் தெரியல, அப்புறம் பொண்ணு பாக்கத் தெரியல, இப்ப மஞ்சள் தெரியல."

"சரிண்ணே."

சான்றிதழ் எழுதி, முத்திரை குத்தி, பிளாஸ்டிக் உறை போட்டு, பெட்டிமேல் ஒட்டியாயிற்று. அதே மாதத்தில்தான் ஜட்ஜ் மனைவியிடம் சட்டை சரியாக வெளுக்கவில்லை என்று சண்டை போட ஆரம்பித்தார். "வெள்ளைச் சட்டையில பழுப்பு ஏறியிருக்கு பாரு." அவள் இன்னொரு தடவை துவைத்தாள். "இன்னும் போகல." சோப்பை மாற்றினாள். பிறகு பால் நாள்பட்ட பால் என்றார், சுவருக்கு வெள்ளையடித்தவன் ஏமாற்றிவிட்டான் என்றார். அவள் பாட்டுக்குத் துவைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் ஒரு மாமணி இருந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

அடுத்த வருஷம் அத்தையை ஓர் அனெரி ஆணோடு சேர்த்தார்கள். பதினான்கு முட்டை. ஜட்ஜ் சும்மா இருந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவர் சங்கத்தையே வீட்டுக்கு அழைத்தார். முட்டை பொரிகிற அன்று காலையில் பாம்பறையில் நாற்காலி போட்டு, 'தூய சாம்பல் வம்சம்: ஒரு முன்னோட்டம்' என்று அரைமணி நேரம் பேசினார். சங்கச் செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து, புரியாத இடத்திலெல்லாம் தலையாட்டினார். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே முதல் முட்டையில் கீறல் விழுந்தது. எல்லாரும் கழுத்தை நீட்டினார்கள்.

கீறலிலிருந்து எட்டிப் பார்த்த தலை சிவப்பு.

இரண்டாவது சிவப்பு. மூன்றாவது வரும்போது பின்வரிசையில் யாரோ இருமினார்கள். அது இருமல் மாதிரி இல்லை. மத்தியானத்துக்குள் பதினான்கும் வந்துவிட்டன, பதினான்கும் தக்காளிப் பழம் மாதிரி. ஜட்ஜ் எழுதிவைத்திருந்த பேச்சில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

அவர் திரும்பித் தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வை விழும் முன்பே தம்பிக்குத் தெரிந்துவிட்டது.

"பக்கத்துப் பெட்டியில இருக்கிற சிவப்பு ஆணை நீ ஒரு நாள் பூட்டாம விட்டிருக்கே."

"அண்ணே, ரெண்டு பக்கமும் கிளிப்பைப் போட்டுட்டு, ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் நான் வெளிய வருவேன். உங்களுக்கே தெரியும்."

"அப்ப இது எங்கேயிருந்து வந்துச்சு? வானத்துலேர்ந்தா?"

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அத்தை சார்கோலா இருந்தா இப்படித்தாண்ணே வரும். நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க."

அறையில் சூட்டுப் பட்டை 'டிக்' என்றது. தப்பான ஆள், தப்பான இடத்தில், இத்தனை பேர் முன்னால் சரியான விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஜட்ஜின் காது சிவந்தது. அந்தச் சிவப்பை அடையாளம் காண யாருக்கும் சான்றிதழ் தேவைப்படவில்லை.

"என் கண்ணைச் சந்தேகப்படறியா?"

"சந்தேகப்படலண்ணே. இந்தக் குட்டிங்க இருக்கட்டும். வளந்ததும் இதுல ரெண்டைச் சேத்துப் பாப்போம். அதுங்க பெத்ததுல ஒரே ஒரு சார்கோல் வந்தாலும் அத்தை யாருன்னு தெரிஞ்சுடும். வரலன்னா நான் பூட்டலன்னு நானே எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

நியாயமான பேச்சு. இருபத்தாறு பேரில் நாலைந்து பேர் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் ஜட்ஜைப் பார்த்தார். ஜட்ஜ் குட்டிகள் இருந்த பெட்டியை மூடினார்.

"கலப்படம் என் வீட்டுல வளராது" என்றார். "ஃப்ரீசர்ல வை."

தம்பி அசையவில்லை. அண்ணன் சொல்லி அவர் செய்யாமல் நின்றது வாழ்க்கையிலேயே அது ஒருமுறைதான். அதனால் ஜட்ஜே பெட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். ஃப்ரீசரில் எலிப் பொட்டலங்களை ஒதுக்கி இடம் செய்தார். குளிர்ந்த ரத்தப் பிராணி, தூக்கம் மாதிரிப் போய்விடும் என்று எங்கோ படித்திருந்தார். படிக்காதது, அதற்கு எவ்வளவு நேரமாகும் என்பது. மனைவி அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள். பிளாஸ்டிக்மேல் நகம் படுவது போன்ற மெல்லிய சரசரப்பு முக்கால் மணி நேரம் கேட்டது. அவள் குழாயைத் திறந்துவிட்டாள். பாத்திரம் எதுவும் கழுவ இல்லை.

அடுத்த வாரம் சங்கம் தீர்மானம் போட்டது. கவனக்குறைவு காரணமாக மேற்படி நபரை உறுப்பினர்கள் யாரும் தங்கள் பாம்பறைகளில் பணிக்கு அமர்த்தலாகாது. ஒருமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் வண்ண மாமணி. தம்பி ஒரே ஒரு பையோடு கிளம்பினார். போகும்போது பாம்பறைக்குள் நுழைந்து எல்லாப் பெட்டியின் கிளிப்பையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

பதினொரு வருஷம் பாம்பைத் தவிர வேறெதுவும் தொடாத மனிதரை வேறு யார் வைத்துக்கொள்வார்கள்? கடைசியில் தீனி எலி ஆலையில் சேர்ந்தார். எலிகளை மூடிபோட்ட பெட்டியில் விட்டு வாயுவைத் திறப்பார்கள். அடங்கியதும் எடுத்து, ரோமம் முளைக்காதது, முளைத்தது, வளர்ந்தது என்று அளவுவாரியாகப் பிரித்து, பத்துப் பத்தாகக் கட்டி, குளிரறையில் அடுக்க வேண்டும். தம்பிக்கு அடுக்கும் வேலை. மூன்றே மாதத்தில் விரல் நுனிகள் வெடித்தன, இருமல் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

இந்தப் பக்கம் ஜட்ஜ் வாசற்படியைத் தவறவிட்டு விழுந்தார். முட்டியில் தோல் பெயர்ந்தது. மனைவி கையைப் பிடித்துத் தரதரவென்று கண் மருத்துவரிடம் இழுத்துப் போனாள். மருத்துவர் சின்ன வயசுக்காரி, கூப்பிடுகிற குரலில் மரியாதை, மற்றபடி தயவு கிடையாது.

"எத்தனை வருஷமா எல்லாம் மஞ்சளாத் தெரியுது?"

"எது மஞ்சளாத் தெரியுது?" என்றார் ஜட்ஜ்.

"எல்லாமும்தான் சார். ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்தியிருக்கு. பழைய கண்ணாடி பழுப்பேறின மாதிரி. அதுக்குள்ளேருந்து பாத்தா வெள்ளையெல்லாம் மஞ்சளாத்தான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா வர்றதால ஆளுக்குத் தெரியாது. கூட இருக்கிறவங்களுக்குத்தான் தெரியும்."

கூட இருந்தவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள்.

முதலில் வலது கண்ணில் ஆப்பரேஷன். மூன்று வாரம் கழித்து இடது கண் என்று நாள் குறித்தார்கள். கட்டுப் பிரித்த காலையில் ஜட்ஜ் தன் சட்டையைப் பார்த்தார். அது வெள்ளையாக இருந்தது. வெள்ளை என்றால் அப்படியொரு வெள்ளை, கண் கூசியது. சுவரும் வெள்ளை. டம்ளரில் பாலும் வெள்ளை. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தார். எல்லாவற்றின்மேலும் யாரோ தேயிலைத் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள். மறுபடி வலது. மறுபடி இடது. ஷேடு பார்த்தவர் அல்லவா, வித்தியாசம் எத்தனை சொட்டு என்றுகூட அவரால் சொல்ல முடிந்திருக்கும்.

"சோப்பை மாத்தினேன், தண்ணியை மாத்தினேன்" என்றாள் மனைவி, சொட்டு மருந்தைக் குலுக்கிக்கொண்டே. "கை தோலு உரிஞ்சு போச்சு. இனிமேயாவது சட்டையை விட்டுடுங்க." நாளைக்கு நாலு வேளை, வலது கண்ணில் ஒவ்வொரு சொட்டு. தலையைப் பின்னால் சாய்த்து, கீழ் இமையை இழுத்துப் பிடித்து, அவள்தான் விட்டாள். அவருக்குத் தானே விட்டுக்கொள்ளத் தெரியாது. சொட்டைப் பார்த்தாலே கண் மூடிக்கொள்ளும்.

பாம்பறைப் பக்கம் அவர் ஒன்பது நாள் போகவில்லை. தூசி ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர் சொன்னது சமையலறைத் தாளிப்புக்கும் தெருவுக்கும்கூடப் பொருந்தும். ஆனால் அவர் தெருவில் நடந்தார், அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டார். பாம்பறைக் கதவை மட்டும் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். உள்ளே இரண்டாவது வரிசையில், மூன்றாவதான அத்தையின் பெட்டியில் என்ன இருக்கிறது என்று அவருக்கு இப்போது தெரியும். தெரிந்த ஒன்றைப் பார்க்காமலே வைத்திருக்கலாம். பார்த்துவிட்டால்தான் தொல்லை.

பத்தாம் நாள் காலையில் செயலாளர் உடல்நலம் விசாரிக்க வந்தார். அப்படியே உறுப்பினர்களின் பாம்புகளை வகை பிரிக்கிற வருடாந்திர இனங்காணல் நாளுக்குத் தேதியும் வாங்கிக்கொண்டு போகலாம் என்று. "மாமணி இல்லாம எங்களுக்குக் கறுப்பும் தெரியாது வெளுப்பும் தெரியாது சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வாசலில் வண்டி நின்றது. எலிப் பொட்டலம் கொண்டுவந்திருந்தார்கள். வழக்கமாக வருகிற ஆள் இல்லை. தெர்மோகோல் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தம்பி நின்றார்.

"வாங்க தம்பி" என்றாள் அண்ணி. "என்ன இப்படி இளைச்சுட்டீங்க? உள்ள வாங்க."

"இருக்கட்டும் அண்ணி. கையெல்லாம் நாத்தம்." இருமி முடித்துவிட்டுப் பெட்டியை இறக்கி வைத்தார். "இந்தத் தெரு டெலிவரிய இன்னைக்கு நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன். அண்ணனுக்குக் கண்ணு சரியாயிடுச்சுன்னு சொன்னாங்க."

ஜட்ஜ் வந்து நின்றார். செயலாளரும் பின்னால் வந்தார்.

"ரொம்ப சந்தோஷம்ணே" என்றார் தம்பி. உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியாதது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அத்தையை ஒரே ஒரு தடவ பாத்துடுங்க. புதுக் கண்ணால. மஞ்சள் இருந்தா நான் பேசாம போயிடறேன். இல்லன்னா சங்கத்துக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. உங்க தப்புன்னு எழுத வேணாம். என் தப்பு இல்லன்னு எழுதினா போதும். எங்கயாவது பாம்பறையில சேத்துப்பாங்க. அந்தக் குளிரறையில என்னால முடியலண்ணே."

"இப்ப எதுக்கு அதெல்லாம்..." என்று செயலாளர் ஆரம்பித்தார்.

அதற்குள் அண்ணி பாம்பறைக்குள் போய்விட்டாள். பாம்பென்றால் முகம் சுளிக்கிறவள், பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்து வெயிலில் வைத்தாள். தம்பி குனிந்து இரண்டு கிளிப்பையும் எடுத்தார். அத்தை யாரையும் பார்க்கப் பிரியமில்லாமல் மூலையில் சுருண்டிருந்தது. அவர் அதை மெதுவாக எடுத்தார், வெடித்த விரல்களுக்கு நடுவே அது வழுக்கிக்கொண்டு ஏறி மணிக்கட்டைச் சுற்றியது. தலையை லேசாக உயர்த்தி, தொண்டை தெரியும்படி அண்ணன் முன்னால் நீட்டினார்.

ஜட்ஜ் பார்த்தார்.

வெள்ளை. கழுத்தோரம் சாம்பல், அதன் கீழே சுண்ணாம்பு வெள்ளை. அவரது சட்டை மாதிரி, சுவர் மாதிரி, பால் மாதிரி. ஒரு சொட்டு மஞ்சள் இல்லை, அரைச் சொட்டும் இல்லை. பதினான்கு சிவப்புத் தலைகளும் வரிசையாக அவர் முன்னால் வந்து போயின. எலிப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்த பெட்டி வந்தது. தீர்மானத்தின் வாசகம் வந்தது, அதன் கீழே தன் கையெழுத்து. கூடத்துச் சுவரில் கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிற பட்டமும் வந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் அது நிதானமாக வந்து, எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றுகொண்டது.

அவர் உதட்டைப் பிதுக்கினார். ஜன்னலோரம் துணி பிடிக்கிற பழக்கம்தான், தலையைச் சாய்த்து ஒரு கண்ணைச் சுருக்கி மூடிக்கொண்டார். வலது கண்ணை. தொண்டை மெல்ல மஞ்சளானது.

"மஞ்சள்தான்" என்றார்.

"அண்ணே..."

"மஞ்சள்தான்னு சொல்றேன்ல? அன்னைக்கும் அனெரி, இன்னைக்கும் அனெரி. கண்ணு மாறினா பாம்பு மாறிடுமா?"

செயலாளர் தாராளமாகத் தலையாட்டினார். தம்பி அத்தையைப் பெட்டியில் விட்டு, கிளிப்பைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டெலிவரிச் சீட்டை எடுத்து நீட்டினார்.

"பெற்றுக்கொண்டேன்னு இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

ஜட்ஜ் போட்டார். அவர் எழுதிக் கொடுத்தது அதுதான். வண்டி தெருமுனை திரும்பும் வரை இருமல் கேட்டது.

"நிறத்துல நீங்க பாறை சார்" என்று செயலாளர் சொல்லிவிட்டுத் தேதி வாங்கிக்கொண்டு போனார். ஜட்ஜ் உள்ளே வந்து மருத்துவமனைக்கு ஃபோன் போட்டார். இடது கண் ஆப்பரேஷனை ரத்து செய்யச் சொன்னார். "இருக்கட்டும். அந்தக் கண்ணு எனக்கு வேலைக்கு வேணும்" என்றார். எதிர்முனையில் இருந்தவளுக்குப் புரியவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று.

மத்தியானச் சொட்டுக்கு நேரமாயிற்று. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போலத் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். மனைவி வந்தாள். மருந்துக் குப்பியை மேஜைமேல் வைத்தாள்.

"விடலையா?"

"எந்தக் கண்ணுல விடணும்?" என்றாள்.

"என்ன கேள்வி இது? வலது கண்ணுலதான்."

"அதைத்தான் காலையில மூடிக்கிட்டீங்களே" என்றாள். குரலில் கோபமில்லை. கணக்காகச் சொன்னாள். "நாலு வேளையும் கையால தொட்டு மருந்து விடறவளுக்கு எந்தக் கண்ணுன்னு தெரியாதா?"

அவள் சமையலறைக்குப் போனாள். ஃப்ரீசரைத் திறந்து, தம்பி கொண்டுவந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிற சத்தம் கேட்டது. பத்துப் பத்தாக, அளவுவாரியாக, எல்லாக் கட்டும் ஒரே மாதிரி முடிச்சு.

ஜட்ஜ் குப்பியை எடுத்தார். தலையைச் சாய்த்து, இமையை இழுத்துப் பிடித்து, அழுத்தினார். கண் மூடிக்கொண்டது. சொட்டு கன்னத்தில் விழுந்து, மீசையோரமாக இறங்கி, சட்டைக் காலரில் ஊறியது. இன்னொரு சொட்டு விட்டார், அதுவும் வெளியே. மூன்றாவது சொட்டையும் வீணாக்கிவிட்டு, இடது கண்ணால் காலரைப் பார்த்தார். கறை பட்டிருக்கிறதா இல்லையா என்று அந்தக் கண்ணால் சொல்ல முடியவில்லை.